பத்துக் கோழிகளுக்கு ஒரு கூடு

தாமிரபரணிக் கரையோரக் கிராமங்களில் நாம் சந்திக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு நாட்டுக்கோழியே சேமிப்பு. மருந்துச் செலவென்றால் முதலில் விற்கப்படுவதும் அதுவே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின் வெள்ளம் பல வீடுகளின் கோழிகளைக் கொண்டுபோயிற்று. ஆகையால் கூட்டை மேடான இடத்தில், தரையிலிருந்து 2 அடி உயர்த்திக் கட்டுவதே நலம்.

பத்துக் கோழிகள் இரவில் அடைய 4 அடிக்கு 4 அடி போதும். பழைய பனங்கைகளைக் கால்களாக நட்டு, பனைமட்டைகளைச் சற்று இடைவெளிவிட்டுத் தளமாகக் கட்டினால் எச்சம் கீழே விழுந்துவிடும். ஈரமும் நோயும் குறையும். கூரைக்குப் பனையோலை. கம்பிவலை, ஆணி இரண்டுக்கே பணம் வேண்டும். கீரி நுழையாதபடி வலைக்கண் அரை அங்குலத்துக்கு மிகாதிருக்கட்டும்.

கூடு எவ்வளவு உறுதியாயிருந்தாலும் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்காது. அது வந்தால் சில நாட்களில் கூடு காலியாகிவிடும். எனவே தடுப்பு மருந்தும் அவசியம். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லுகிறோம்.