ராஜாவைத் தாக்கும் தருணம்

சதுரங்கத்தில் எதிரியின் ராஜாவைத் தாக்குவதற்குத் தைரியம் ஒன்றே போதும் என்ற எண்ணம், ஆட்டத்தைப் புதிதாகக் கற்றவர் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. மற்றக் காய்களெல்லாம் தத்தம் கட்டத்திலேயே இருக்க, ராணியை மட்டும் முன்னே அனுப்பி 'செக்' சொல்லி மகிழ்வதும், பிறகு எதிரியின் சிறு காய்கள் விரட்ட விரட்ட அந்த ராணி பின்வாங்குவதும் அதனால்தான் நேர்கின்றன. 1886-இல் உலகச் சாம்பியனான வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸோ, தாக்குதல் ஆடுபவரின் மனவேகத்தில் பிறப்பதன்று, பலகையில் ஏற்கெனவே சேர்ந்துள்ள அனுகூலத்தில் பிறப்பது என்று சித்தாந்தம் செய்தார். அனுகூலம் இல்லாதவன் தாக்கலாகாது, உள்ளவன் தாக்கியே தீரவேண்டும், தாமதித்தால் அது கைநழுவிவிடும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை உருவாவதற்கு முன்பே அதற்குச் சாட்சியாக அமைந்த ஆட்டம் ஒன்று, 1858-இல் பாரிஸ் இசைநாடக அரங்கில் நடந்தது. நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த 21 வயது இளைஞர் பால் மார்ஃபி வெள்ளைக் காய்களை ஆட, பிரன்ஸ்விக் டியூக்கும் இசுவார் பிரபுவும் கலந்தாலோசித்துக் கறுப்பை ஆடினார்கள். எட்டாவது நகர்த்தலில், எதிரியின் சிப்பாய் ஒன்றை ராணியால் வெட்ட மார்ஃபிக்கு வழி இருந்தது. வெட்டியிருந்தால் கறுப்பு ராணி செக் கொடுத்து, இரு ராணிகளும் பலகையை விட்டு நீங்கி, ஆட்டத்தின் வேகமே அடங்கியிருக்கும். அவர் அந்தச் சிப்பாயை விட்டுவிட்டுக் குதிரையை வெளியே கொண்டுவந்தார். இந்த நிதானத்தையே அந்த ஆட்டத்தின் தலைசிறந்த அம்சமாக நான் மதிக்கிறேன். பின்னால் வந்த பிரசித்தி பெற்ற பலிகளெல்லாம் இதன் விளைவுகளே.

பத்தாவது நகர்த்தல் வந்தபோது, வெள்ளையில் ராணி, இரு பிஷப்புகள், குதிரை ஆகிய நான்கும் களத்தில் இருந்தன. கறுப்பிலோ ஒரு குதிரையும், தன் பிஷப்பின் வழியையே அடைத்து நின்ற ராணியும் தவிர வேறொன்றும் வெளிவரவில்லை, ராஜாவும் கோட்டை கட்டாமல் நடுவிலேயே இருந்தார். அப்போதுதான் மார்ஃபி குதிரையைக் கொடுத்து இரண்டு சிப்பாய்களைப் பெற்று, ராஜாவை நோக்கிய வழியைத் திறந்தார். அடுத்துக் கோட்டை கட்டியதில், தம் ராஜா பத்திரமானதோடு, ஒரு யானையும் அதே நகர்த்தலில் போர்முனைக்கு வந்தது. அந்த யானையைப் பலிகொடுத்து, மற்றொன்றை அவ்விடத்தில் நிறுத்தி, முடிவில் ராணியையும் கொடுத்து, 17-வது நகர்த்தலில் எஞ்சிய ஒரு யானையையும் ஒரு பிஷப்பையும் கொண்டே ராஜாவை முடக்கினார். கறுப்பின் ஒரு யானையும் ஒரு பிஷப்பும் கடைசிவரை இடம்விட்டு அசையவே இல்லை.

வாசகர்கள் இந்த ஆட்டத்தைப் பலகையில் பரப்பி, பத்தாவது நகர்த்தலுக்கு முன் நிறுத்தி, இரு தரப்பிலும் வெளிவந்துள்ள காய்களை எண்ணிப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.