வேகம் அல்ல, வரிசையே சிக்கல்

துறைமுகக் கால்வாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும், தளம் காலியாகாவிட்டால் கப்பல் வெளிக்கடலில் காத்திருக்கத்தான் வேண்டும். தூத்துக்குடிக்காரர்களான எங்களுக்குப் பழகிய இந்தப் பாடத்தை, இணையத்தில் நான் மறந்துவிட்டேன். விளையாட்டின் நடுவே பேரனின் திரை உறைந்துபோனதும், வேகம் கூடிய திட்டத்துக்கு மாறினேன். கட்டணம் உயர்ந்தது, தடுமாற்றம் தீரவில்லை.

இணைய விளையாட்டுக்குத் தேவைப்படும் தரவு சொற்பம். அது உரிய நேரத்தில் சென்று திரும்புவதே முக்கியம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். நேர்க்கோட்டில் சுமார் 1,300 கி.மீ. தொலைவிலுள்ள மும்பைக்குச் சென்று திரும்ப 13 மில்லி நொடி போதும். சுற்றுவழியில் அது இருமடங்கானாலும் ஆட்டம் கெடாது. திடீரென 300-ஐத் தொட்டால், அதற்குக் காரணம் தொலைவு அல்ல; வழியில் தேங்கும் வரிசை.

அந்த வரிசை எங்கே என்பதை 'பிங்' சோதனை காட்டிவிடும். வீட்டு ரௌட்டர் வரையிலேயே எண்கள் ஏறி இறங்கினால், குறை வைஃபையில். கேபிளால் இணைத்தால் பெரும்பாலும் தீரும். கைப்பேசிகள் படங்களைப் பதிவேற்றும்போது மட்டும் ஏறினால், தேக்கம் பதிவேற்றப் பாதையில். ரௌட்டரில் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பிட வேண்டும். வீட்டில் வேறு எவரும் பயன்படுத்தாதபோதும் மாலைதோறும் ஏறினால், நெரிசல் பெரும்பாலும் வெளியே. நேரத்தையும் எண்ணையும் குறித்துப் புகார் அளிக்கலாம். டிராய் 2024-இல் வெளியிட்ட சேவைத்தர விதிமுறைகளில் தாமதத்துக்கும் அளவுகோல் உண்டு.

எங்கள் வீட்டில் குறை இரண்டாம் வகை. வரம்பிட்டேன், பழைய திட்டத்துக்கே திரும்பினேன். விளம்பரங்கள் வேகத்தை மட்டுமே விற்கின்றன. தாமதத்தையும் கேட்டறிந்து வாங்குவதே நுகர்வோருக்கு அழகு.