கண்டி வாவிக்கரையில் ஒரு காலை நடை

ஏ-9 வீதியால் வடக்கிலிருந்து கண்டிக்குச் சுற்றுலா வரும் பலர், வாவியைப் பேருந்து யன்னலால் பார்ப்பதோடு சரி. இறங்கி நடந்தால் செலவில்லை; சுற்றளவு மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம்.

வயல்நிலத்தை மறித்து 1807இல் இதைக் கட்டுவித்தவன் கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி, தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன். கரையில் முகில்போல் வளைந்து செல்லும் மதில் முழுமை பெறவில்லை. 1815இல் ஆங்கிலேயரிடம் அரசன் பிடிபட்டதும் வேலை நின்றது. குடும்பத்தோடு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். ஊர் திரும்ப முடியாமல் போன கதை. நமக்கு விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு மீனும் நீர்க்காகமும் கபரகொய்யாவும் போதும். வாகன நெரிசல் தொடங்குமுன், காலையிலேயே நடந்துவிடுங்கள்.