மோதுவது போல வரும், மோதாது: விமான சாகசத்தின் கணக்கு

திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமான அணி இருக்கிறது. கோவை அருகே சூலூரில் தேஜஸ் போர் விமான அணியும் சாரங் ஹெலிகாப்டர் சாகச அணியும் இருக்கின்றன. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் 72 விமானங்கள் வானில் வித்தை காட்டின. அந்த வித்தைகளை எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் வேகம். மணிக்கு 600 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் ஒரு நொடியில் சுமார் 167 மீட்டர் கடக்கும். 236 அடி உயர ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் படுக்க வைத்தால், அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் மோதிவிடும் என்று கூட்டம் அலறும். உண்மையில் இரண்டும் ஒரே கோட்டில் வருவதில்லை. பக்கவாட்டில் இடைவெளி உண்டு. பறக்கும் பாதைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் நம் கண்ணுக்கு அந்த இடைவெளி தெரியாது.

1996இல் தொடங்கிய விமானப்படையின் சூரிய கிரண் சாகச அணியின் ஒன்பது ஹாக் விமானங்கள் சில மீட்டர் இடைவெளியில் சேர்ந்து பறப்பவை. இதில் பின்னால் வரும் விமானிகள் தரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதில்லை. தலைவரின் விமானத்தில் குறித்துவைத்த புள்ளிகளை விட்டுக் கண்ணை எடுக்காமல், ரேடியோவில் அவர் சொல்லச் சொல்லத் திரும்புகிறார்கள்.

போர் விமானம் சட்டென்று மேலெழும்போது விமானியின் எடை பல மடங்காகும். ஒன்பது மடங்கானால் 70 கிலோ மனிதர் 630 கிலோ கனப்பார். ரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வராதிருக்க, காற்றடைத்துக் காலையும் வயிற்றையும் இறுக்கும் உடை அணிகிறார்.

சாகச விமானத்தின் வாலில் வரும் வெண்புகை, இன்ஜினின் சூடான வெளியேற்றத்தில் டீசலைப் பீய்ச்சி உண்டாக்குவது. சாயம் கலந்தால் வண்ணப் புகை.

இத்தனை கணக்குக்குப் பிறகும் ஆபத்து ஒழிவதில்லை. தரைக்கு அருகே பறக்கும்போது ஏதாவது பிசகினால் சரிசெய்ய உயரம் இருக்காது. 2025 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து, சூலூர் அணியைச் சேர்ந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார்.

ஆபத்து வானில் மட்டுமில்லை. 2024 மெரினா சாகசத்தன்று கடும் வெயிலிலும் நெரிசலிலும் பார்வையாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். விமான சாகசம் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் எல்லோரோடும் முண்டியடிக்காமல், கூட்டம் கலைந்த பிறகு கிளம்புங்கள்.