மலைப்பாதை வண்டியின் முதுகெலும்பு: வீட்டுப் பட்டறையில் அடிச்சட்டம் அமைத்தல்

மோட்டார் வண்டியின் யந்திரம் பழுதுபட்டால் வண்டி நின்றுவிடும். அதன் அடிச்சட்டம் முறிந்தாலோ வண்டியில் இருப்போரின் உயிருக்கே ஆபத்து நேரும். பட்டறைகளில் சேஸிஸ் என்று வழங்கப்படும் இந்த அடிச்சட்டமே யந்திரம், உடற்கூடு, பிரயாணிகள் ஆகிய எல்லாப் பாரங்களையும் தாங்கிச் சக்கரங்களுக்குச் சேர்ப்பிப்பதாகும்.

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ள மலைப்பகுதிகளில் இதன் முக்கியத்துவம் மிகுதி. நெல்லியாம்பதி மலையின் எஸ்டேட் பாதைகளிலும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் கற்பாதையிலும் ஜீப் வண்டியே போக்குவரத்துச் சாதனம். தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் பலர் ஜீப்புகளில் ஏறியே வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய பாதைகளில் ஓடும் வண்டிகளின் அடிச்சட்டம் வெடிப்பதும், அதைச் சிறு பட்டறைகளில் பற்றவைத்துச் சீர்படுத்துவதும் புதுமையல்ல. அந்த வேலைக்கு ஆதாரமான விஞ்ஞானத் தத்துவங்களைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் பயனுள்ளது.

வீட்டுக் கொட்டகையில் பிறந்த கலை

வீட்டிலேயே அடிச்சட்டத்தை வெட்டி மாற்றியமைக்கும் வழக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1930-களில் பரவியது. இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, பாரத்தைக் குறைத்து, வலிய யந்திரத்தைப் பொருத்தி, வறண்ட ஏரிப்படுகைகளில் வேகப் பரீட்சை நடத்தினர். இவ்வண்டிகளுக்கு ஹாட் ராட் என்ற பெயர் வழங்கலாயிற்று. பரீட்சைகளை ஒழுங்குபடுத்த 1937-ல் தென் கலிபோர்னியா நேரக் கணிப்புச் சங்கம் தோன்றியது. எட்டு சிலிண்டர் யந்திரத்துடன் 1932-ல் வெளிவந்த ஃபோர்டு கார் இவர்களால் பெரிதும் விரும்பப்பட்டது. திறந்த சானல் வடிவிலிருந்த சட்டங்களின் வாயைத் தகடு வைத்து மூடிப் பெட்டி வடிவாக்குவது அவர்கள் கைக்கொண்ட முக்கியமான முறை. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டில் 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. மலைநாட்டில் ஜீப்பின் மீது ஏற்பட்ட பற்றுதலுடன், அதைக் கழற்றிப் பூட்டும் கைத்திறனும் வளர்ந்தது. 2019-ல் இடுக்கி மாவட்டத்தில் செவிலியர் ஒருவர் தம் குழந்தைகளுக்காகச் சிறிய ஆட்டோரிக்ஷா ஒன்றைத் தாமே செய்தளித்த செய்தி பலரது கவனத்தைக் கவர்ந்தது. குழந்தைகள் ஏறும் சிறு வண்டியானாலும், தொழிலாளர் ஏறும் ஜீப்பானாலும், அடிச்சட்டத்துக்கு உரிய விதிகள் ஒன்றே.

வளைவும் முறுக்கும்

ஜீப்பின் அடிச்சட்டம் ஏணி போன்றது. இருபுறமும் இரு நெடுஞ்சட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச்சட்டங்கள் பல. இதன் மீது இருவகை விசைகள் செயல்படுகின்றன. பாரம் கீழ்நோக்கி அழுத்துவதால் நெடுஞ்சட்டம் வளைய முயல்கிறது. முன் சக்கரம் ஒன்று பாறைமீது ஏறி, குறுக்கே எதிர்மூலையிலுள்ள பின் சக்கரமும் மேட்டில் நிற்கும்போது சட்டம் முழுவதும் முறுக்குண்கிறது.

வளைவைத் தடுப்பது சட்டத்தின் உயரமே. செவ்வக வடிவ உருக்குப் பட்டையின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இருமடங்காகும்; உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்காகும். மர அளவுகோலைப் படுக்கையாகப் பிடித்தால் எளிதில் வளைவதும், செங்குத்தாகப் பிடித்தால் வளைய மறுப்பதும் இதனாலேயே. வளையும்போது சட்டத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்புமே மிகுந்த இழுப்பையும் அழுத்தத்தையும் ஏற்கின்றன. நடுப்பகுதியில் அவை குறைவு. ஆகவே துளையிட நேர்ந்தால் நடுப்பகுதியிலேயே இடவேண்டும். விளிம்பில் இட்ட சிறு துளையும் நாளடைவில் வெடிப்பின் தொடக்கமாகும்.

முறுக்கின் கதை வேறு. 50 மில்லிமீட்டர் சதுரமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள மூடிய குழாயையும், அதே குழாயை நீளவாட்டில் பிளந்ததையும் கணக்கிட்டுப் பார்த்தால், மூடிய குழாயின் முறுக்கு விறைப்பு சுமார் 200 மடங்கு மிகுதி என்று காணலாம். உருக்கின் அளவு மாறவில்லை. வாய் மூடியதே வேறுபாடு. ஹாட் ராட் செய்வோர் சானலை மூடியதன் இரகசியம் இதுவே.

இதை வகுப்பறையிலேயே காட்டலாம். இரண்டு அட்டைகளைக் குழாயாகச் சுருட்டி, ஒன்றின் விளிம்புகளை முழு நீளத்துக்கும் பசையிட்டு ஒட்டுக. மற்றதன் விளிம்புகளை ஒட்டாமல் விடுக. இரு கைகளாலும் திருகினால் ஒட்டாத குழாய் உடனே முறுகும்; ஒட்டியது எதிர்த்து நிற்கும்.

எனினும், எல்லா இடத்திலும் மூடிய சட்டமே சிறந்தது என்று முடிவு செய்தலாகாது. பள்ளமும் மேடுமான பாதையில் திறந்த சானல் சிறிது முறுகிக்கொடுப்பதால் சக்கரங்கள் தரையைப் பற்றி நிற்கின்றன. ஒரு பகுதியை மட்டும் விறைப்பாக்கினால், விறைப்பு முடியும் இடத்தில் முறுக்கெல்லாம் குவிந்து அங்கே வெடிப்பு ஏற்படும். ஒட்டுத்தகட்டின் முனையை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுவது இந்த மாற்றத்தைப் படிப்படியாக்குவதற்கேயாகும்.

கோணம் பார்த்தல்

அடிச்சட்டம் கோணலானால் வண்டி ஒருபுறமாக இழுக்கும். நெடுஞ்சட்டங்கள் 3,000 மில்லிமீட்டர் நீளமும், அவற்றின் இடைவெளி 700 மில்லிமீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். பித்தாகோரஸ் தேற்றத்தின்படி மூலைவிட்டம் சுமார் 3,080.6 மில்லிமீட்டர். இரு மூலைவிட்டங்களும் சமமாயிருத்தல் வேண்டும். ஒரு சட்டம் 5 மில்லிமீட்டர் முன்னே நகர்ந்துவிட்டாலும், மூலைவிட்டங்களின் வேறுபாடு ஏறக்குறைய 10 மில்லிமீட்டராகத் தோன்றும். பிழையை இருமடங்காக்கிக் காட்டும் இந்த அளவைக்கு நாடாவைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்பதைக் கொத்தனார்கள் உபயோகிக்கும் நீர் நிரப்பிய குழாயைக்கொண்டு அறியலாம்.

பற்றவைப்பில் கவனிக்க வேண்டியவை

உருக்கு ஏறக்குறைய 1,500 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கிச் சட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே முதலில் எல்லா மூட்டுகளையும் சிறு பொட்டுகளாக மட்டும் பற்றவைத்து, மூலைவிட்டங்களை மறுபடி அளந்து, பின்னரே முழுப் பற்று வைக்கவேண்டும். அப்போதும் ஒரே பக்கத்தில் தொடர்ந்து வைக்காமல் எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி வைப்பது நன்று.

மலைநாட்டின் மழைக்காலத்தில் மற்றொரு தொல்லையும் உண்டு. குறைந்த ஹைட்ரஜன் வகை வெல்டிங் ராடுகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உலோகத்தில் புகுந்து, பற்று குளிர்ந்த பிறகும் வெடிப்பை உண்டாக்கக்கூடும். ராடுகளைத் தயாரிப்பாளர் குறித்தபடி சூட்டில் உலர்த்திய பின்னரே உபயோகிக்க வேண்டும். எரிபொருள் தொட்டியையும் பாட்டரி இணைப்பையும் வேலைக்கு முன் அகற்றுதல், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிதல், துத்தநாகம் பூசிய குழாயின் புகையைச் சுவாசியாதிருத்தல் ஆகியவை தவிர்க்க இயலாத பாதுகாப்புகளாம்.

மறைந்த வெடிப்பைக் காணுதல்

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காண எளிய முறை ஒன்றுண்டு. மூட்டைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு நன்றாகத் துடைக்கவேண்டும். பின்னர்ச் சுண்ணக்கட்டிப் பொடியை மெல்லியதாகப் பூசினால், வெடிப்பில் தங்கிய எண்ணெய் கசிந்து கறுத்த கோடாகத் தெரியும். ரயில்வே பட்டறைகளில் நெடுங்காலம் வழங்கிய முறை இது. நெருப்பின் அருகில் இதைச் செய்தலாகாது. ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடங்களும், குறுக்குச்சட்டங்கள் சேரும் மூலைகளும் முதலில் சோதிக்கப்பட வேண்டியவை.

சாலைக்குரிய விதிகள்

கைத்திறன் எவ்வளவு சிறந்ததாயினும், மாற்றியமைத்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட எவருக்கும் தானாக உரிமை கிடையாது. மோட்டார் வாகனங்கள் பற்றிய 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதனைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீடு ஒன்றில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆட்களை ஏற்றும் ஜீப்பின் சட்டத்தை நீட்டி இருக்கை கூட்டுவது போன்ற செயல்களைக் கண்டால், அதன் அபாயத்தைக் கள ஊழியர்கள் உரிமையாளருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். மேலே கூறிய விளிம்பின் இழுப்பு நெடுஞ்சட்டத்தின் நீளத்துடனும் பாரத்துடனும் சேர்ந்தே பெருகும்.

இத்திறனுக்குத் தக்க களங்களும் இல்லாமலில்லை. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் 2007-ல் தொடங்கிய பாஹா போட்டியில், பொறியியற் கல்லூரி மாணவர்கள் கரட்டு நிலத்தில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டியின் குழாய்ச் சட்டத்தைத் தாமே வடிவமைக்கின்றனர். ஓட்டுநரைக் காக்கும் குழாயின் குறுக்களவு 25 மில்லிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர், உருக்கில் கரி குறைந்தது 0.18 சதவீதம் என்பது அதன் அடிப்படை அளவு. வேறு குழாய் எடுப்போர், அது வளைவை அதே அளவு தாங்கும் என்று கணக்கிட்டு நிரூபிக்க வேண்டும். பட்டறை அனுபவத்துடன் இவ்வாறு கணக்கிட்டறியும் பழக்கமும் சேருமாயின், மலைப்பாதையில் மூட்டு முறியுமுன்னரே அதன் குறையைக் கண்டறிய இயலும்.