ரெண்டு பேர் சொல்ற கணக்கு ஏன் நூறைத் தாண்டுது?

கணவனையும் மனைவியையும் தனித்தனியா உட்காரவைத்து, "வீட்டுல பாத்திரம் கழுவறதுல உங்க பங்கு எவ்வளவு?" என்று கேட்கிறோம் என வைத்துக்கொள்வோம். இரண்டு பதில்களையும் கூட்டினால் நூறு சதவீதம் வர வேண்டும். பெரும்பாலும் நூறைத் தாண்டிவிடும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ், ஃபியோரி சிகோலி என்ற இருவர் 37 தம்பதிகளிடம் இதைக் கேட்டார்கள். கட்டுரை 1979-இல் வெளிவந்தது. காலை உணவு, பாத்திரம், கடைக்குப் போவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று மொத்தம் 20 விஷயங்கள். அதில் 16-இல் கூட்டுத்தொகை எகிறிவிட்டது.

"மனுஷன் சுயநலக்காரன், இது தெரிஞ்ச கதைதானே" என்று கடந்துபோய்விடலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: சண்டைக்குக் காரணமாக இருப்பது. அதிலும் தன் பங்கைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள். பெருமை அடித்துக்கொள்வது மட்டும்தான் காரணம் என்றால் இங்கே குறைத்தல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

ராஸும் சிகோலியும் ஞாபகத்தைக் கைகாட்டினார்கள். நான் செய்யும் வேலை நடக்கும்போது நான் அங்கேயே இருக்கிறேன். இடுப்பு வலித்தது, டிவியில் மேட்ச் போய்க்கொண்டிருந்தபோது எழுந்து போனது எல்லாம் நினைவில் இருக்கும். அடுத்தவர் செய்த வேலையோ அலமாரியில் மடித்து வைத்த துணியாகத்தான் என் கண்ணில் படுகிறது. அந்த ஆய்வில் உதாரணங்களையும் எழுதச் சொன்னார்கள். எல்லோருக்கும் பொதுவாகத் தான் செய்ததே அதிகம் ஞாபகம் வந்தது. அந்த வித்தியாசம் கூடக்கூட, சொந்தப் பங்கைக் கூட்டிச் சொல்வதும் கூடியது.

எங்கள் வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டுச்சீட்டில் எழுதிப் பார்த்தோம். கேஸ் சிலிண்டர் விஷயத்தில் நான் 90 என்று எழுதினேன், என் மனைவி 70. மொத்தம் 160! போனில் புக் பண்ணுவதும் பணம் கட்டுவதும் நான்தான், அதனால் 90. அவங்க கணக்கு வேறு. "சிலிண்டர் தீரப்போகுதுன்னு யார் சொல்றா? வர்ற அன்னைக்கு வீட்ல யார் இருக்கா? காலி சிலிண்டர யார் வாசலுக்கு உருட்டறா?" நான் 'புக்கிங்' என்ற ஒரு வேலையைப் பார்த்தேன், அவங்க நாலு வேலையைப் பார்த்தாங்க. பல வீடுகளில் சண்டை இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்: எது எது வேலை என்பதிலேயே ரெண்டு பேருக்கும் ஒரே பட்டியல் இல்லை.

இதைவிட எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது 1999-இல் ஜஸ்டின் க்ரூகர், தாமஸ் கிலோவிச் எழுதிய கட்டுரை. தம்பதிகளிடம் "உங்க பங்கு எவ்வளவு?" என்று கேட்டதோடு, "உங்க துணை என்ன சொல்வாங்கன்னு நினைக்கறீங்க?" என்றும் கேட்டார்கள். நல்ல காரியம் என்றால் துணை பெயரைத் தட்டிக்கொண்டு போவார், கெட்டது என்றால் பழியைத் தள்ளிவிடுவார் என்பது எதிர்பார்ப்பு. நிஜத்திலோ இருவருமே நல்லதிலும் கெட்டதிலும் தங்கள் பங்கைக் கூட்டித்தான் சொன்னார்கள். ஆக, வீட்டில் இருக்கும் சுயநலத்தைவிட, இருக்கிறது என்று நாம் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் சந்தேகம் பெரிது. எதிராளி கணக்குப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிய பிறகு நாமும் நோட்டைத் திறந்துவிடுகிறோம்.

அப்படியென்றால் "அடுத்தவங்க செய்யறதையும் நினைச்சுப் பாருங்க" என்றால் போதுமா? கணக்கு சரியாகும், மனசும் சேர்ந்து சரியாகும் என்று சொல்ல முடியாது. யூஜின் கருஸோ, நிக்கோலஸ் எப்லி, மாக்ஸ் பேஸர்மன் 2006-இல், சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். சக ஆசிரியர்களின் உழைப்பை நினைத்துப் பார்க்கச் சொன்னதும் மிகைக்கணக்கு குறைந்தது. ஆனால் நிஜமாகவே அதிகம் உழைத்தவர்களுக்கு, திரும்பவும் அந்தக் கூட்டாளிகளோடு வேலை செய்யும் ஆசையும் குறைந்துவிட்டது. "இவங்க என்ன செஞ்சாங்க?" என்று யோசித்துப் பார்த்தால் விடை சின்னதாக இருந்தது போல. இவர்கள் தம்பதிகள் இல்லைதான். ஆனாலும் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஏனென்றால் இருவருமே கூட்டிச் சொல்கிறார்கள் என்பதற்கு, இருவரும் பாதிப் பாதி செய்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. இந்திய அரசின 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் ஒரு பெண் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஒரு ஆண் 97 நிமிடம். இந்த நிலையில் "கணக்குப் பார்க்காம அனுசரிச்சுப் போம்மா" என்பதை அன்பின் இலக்கணமாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கணக்கை மூடச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் 97 நிமிடக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள்.

மார்கரெட் கிளார்க் என்ற உளவியலாளரின் 1984 ஆய்வு இங்கே உதவும். இருவர் சேர்ந்து எண்கள் நிறைந்த கட்டத்தில் சில எண் வரிசைகளைத் தேடி வட்டமிட வேண்டும், பரிசு இருவருக்கும் சேர்த்து. முதல் ஆள் ஒரு நிறப் பேனாவில் வட்டமிட்டிருப்பார். அறிமுகமில்லாதவர்கள் வேறு நிறப் பேனாவை எடுத்தார்கள், யார் எத்தனை கண்டுபிடித்தார்கள் என்று பின்னால் தெரிய வேண்டுமே! நண்பர்கள் அந்த அளவுக்கு நிறத்தைப் பொருட்படுத்தவில்லை.

இதை 'நெருக்கமானவர்கள் எதையும் கவனிப்பதில்லை' என்று புரிந்துகொண்டால் தப்பு. கிளார்க்கும் ஜட்ஸன் மில்ஸும் சொன்ன விளக்கம், நெருக்கமான உறவில் யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைவிட, யாருக்கு இப்போது என்ன தேவை என்பதில் கண் இருக்கும் என்பது. அதாவது கவனிப்பு அங்கேயும் உண்டு, வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. "நேத்து நான் செஞ்சேன், இன்னிக்கு உன் முறை" என்பது ஒரு கவனிப்பு. "இன்னிக்கு உனக்குத் தலைவலி, மாவு நான் ஆட்டறேன்" என்பது இன்னொன்று. இரண்டாவது ஒரே ஆளிடமிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தால் கொஞ்ச நாளில் அவரும் வேறு நிறப் பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

வயதான அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தங்கைகளுக்கு இது இன்னும் சிக்கல். ஒருத்தர் மாசாமாசம் பணம் அனுப்புவார், இன்னொருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவார். ஒன்று ரூபாயில் இருக்கிறது, இன்னொன்று தூக்கத்தில். இதற்கு நூறு சதவீதம் என்பதையே போட முடியாது. அந்த வீடுகளில் நான் பார்த்தவரை, பணம் அனுப்புகிறவர் "போன வாரம் என்ன ஆச்சு, ராத்திரி எத்தனை தடவை எழுந்த?" என்று விவரமாகக் கேட்டால் பேச்சின் சூடு கொஞ்சம் இறங்குகிறது. "எவ்வளவு அனுப்பணும்னு சொல்லு" என்று மட்டும் கேட்டால் ஏறுகிறது.