மலைப்பாதை வண்டிகளின் பின்பாகத்தில் எழும் ஓசைகள்

மாட்டு வண்டி வைத்திருந்த குடியானவருக்கு அதன் அச்சின் ஓசை நன்கு பழக்கமானது. மசகு வற்றினால் எழும் கீச்சொலி வேறு, கடையாணி தேய்ந்து சக்கரம் ஆடுவதால் எழும் கடகடவொலி வேறு என்பதைத் திரும்பிப் பாராமலே அவர் அறிந்துகொள்வார். மோட்டார் வண்டி வந்தபின் அந்தக் கேள்வியறிவு வேண்டாததாய்விட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மலைச்சரிவில் விளைபொருளை இறக்கும் வண்டியின் பின்னச்சு முறிவதற்கு முன்பு பெரும்பாலும் பல நாள் ஓசையிட்டே முறிகின்றது. அவ்வோசையைக் கேட்டும் பொருட்படுத்தாமற் போவதே ஆபத்துக்கு இடமாகின்றது.

பழனி மலையின் தென்சரிவிலுள்ள அடுக்கம் கிராமத்தை உதாரணமாகக் கொள்ளலாம். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக ஏறும் பாதை அடுக்கத்தைக் கடந்து, பெருமாள்மலைக்கருகில் வத்தலக்குண்டு–கொடைக்கானல் சாலையுடன் சேருகின்றது. பாதை குறுகலானது, கொண்டையூசி வளைவுகள் மிகுந்தது, வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவுக்கும் உள்ளாவது. இம்மலைகளில் காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, எலுமிச்சை முதலியன விளைகின்றன. முற்காலத்தில் தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலும் இறங்கிய இவ்விளைபொருள்களை ஜீப்புகளும் சிறு சரக்கு வண்டிகளும் ஏற்றிச் செல்லலாயின. 1940களின் இறுதியில் நம் நாட்டில் பூட்டப்படலான வில்லீஸ் ஜீப்பும் அதன் வழிவந்த மகேந்திரா வண்டிகளும் மலைநாட்டாருக்கு நெடுநாளாகப் பழக்கமானவை.

இத்தகைய பாதையில் வண்டி பெரும்பாலும் வெறுமையாக ஏறுகின்றது, பாரத்துடன் இறங்குகின்றது. ஓசையின் காரணத்தை அறிவதில் ஏற்படும் குழப்பத்துக்கு மூலம் இதுவே. ஏறும்போது எஞ்சின் சக்கரங்களை இழுத்துச் சுழற்றுகின்றது. கியரில் இறங்கும்போதோ சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. பற்சக்கரங்களின் மறுபக்கம் அழுத்தம் பெறுகின்றது. அதே சமயத்தில் பாரமும் கூடுகின்றது; பிரேக்கும் அடிக்கடி பிடிக்கப்படுகின்றது. ஆக மூன்று மாறுதல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. இறக்கத்தில் புதிதாக ஓர் ஓசை எழுந்தால், "மூட்டை அதிகம், அதனால் கத்துகிறது" என்று ஓட்டுநர் சொல்லிவிடுகிறார். சொந்தக்காரரும் அதனை ஒப்புக்கொள்கிறார். மூட்டையின்மேல் பழியைப் போடுமுன், மூட்டையின்றி ஒருமுறை அதே இறக்கத்தில் அதே கியரில் மெதுவாக இறங்கிப் பார்த்தல் வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது உரப் பரீட்சைப் பாத்திகளுக்கு மட்டுமன்று, வண்டிக்கும் பொருந்தும்.

பின்னச்சின் நடுவில் புடைத்துத் தோன்றும் இரும்புக் கூட்டினுள் கிரவுன் சக்கரமும் பினியனும் உள்ளன. அவற்றோடு, வளைவில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட மிகுதியாகச் சுழல இடங்கொடுக்கும் டிபரென்ஷியல் என்னும் அமைப்பும் உள்ளது. நீராவி வண்டிக்காக இவ்வமைப்புக்கு 1828ஆம் ஆண்டிலேயே பிரான்சு தேசத்துப் பெக்கர் என்பவர் உரிமைச் சாசனம் பெற்றார். கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் இதற்கு வேலை உண்டு. நேராகச் செல்கையில் அமைதியாயிருந்து, வளைவில் மட்டும் நறநறவென்றோ டக்டக்கென்றோ ஒலித்தால், இதிலுள்ள சிறு பற்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம்.

இரைச்சலாகவும் ரீங்காரமாகவும் நீடிக்கும் ஓசையே மிகக் கவனிக்கத்தக்கது. அது ஏறும்போது மட்டும், அல்லது இறங்கும்போது மட்டும் எழுந்து, ஆக்ஸிலேட்டர் மிதியை அழுத்தியும் விட்டும் பார்க்கையில் மாறுமானால், கிரவுன்–பினியன் அல்லது பினியனைத் தாங்கும் பேரிங்கில் தேய்வு இருக்கலாம். மிதி எந்நிலையிலிருந்தாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடிக் குறையுமானால், சக்கரத்தின் பேரிங்கையோ டயரையோ பார்க்க வேண்டும். டயரின் ஓசை தரைக்கேற்ப மாறும். தார்ச்சாலையிலிருந்து மண்பாதையில் இறங்கியதும் குறைந்துவிடும். பேரிங்கின் ஓசை அவ்வாறு மாறாது. ஆனால் வளைவில் மாறும்: வலப்புறம் திரும்பும்போது பாரம் இடச்சக்கரத்தின்மேல் சாய்கின்றது, அப்போது இரைச்சல் ஓங்கினால் கேடு பெரும்பாலும் இடப்பக்கத்தது. சமவெளிச் சாலையில் நிதான வேகத்தில் கிளச்சை மிதித்து வண்டியைச் சிறிது உருளவிட்டுக் கேட்பதும் உண்டு. இப்பரீட்சையை மலைப்பாதையில் செய்யலாகாது. டீசலை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி நியூட்ரலில் இறங்கும் வழக்கம் சில ஓட்டுநர்களிடம் காணப்படுகின்றது. அது பிரேக்கைச் சூடேற்றி உயிருக்கு உலை வைப்பதுடன், கியரில் இறங்கும்போது கேட்க வேண்டிய எச்சரிக்கை ஒலியையும் மறைத்துவிடுகின்றது.

சக்கர பேரிங்கின் கேட்டைப் பெரிதாக எண்ணுவதற்குக் காரணம் உண்டு. சிறு வண்டிகள் பலவற்றில் பின் ஆக்சில் தண்டு சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் பாரத்தையும் தாங்குகின்றது. பேரிங் தேய்ந்து தண்டு ஆடி முறிந்தால், சக்கரம் தண்டின் துண்டோடு வெளியே கழன்றுவிடக்கூடும். ஒரு பக்கம் பள்ளமாயுள்ள பாதையில் அதன் விளைவை விவரிக்க வேண்டுவதில்லை.

சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தாளம்போல் எழும் ஒலி வேறு வகை. டிக் டிக்கென்று மெலிதாயிருப்பின் டயரின் வரிகளில் கல் சிக்கியிருக்கலாம், கத்திமுனையால் அகற்றிவிடலாம். கனத்த டொக்கென்ற ஒலியாயிருப்பின் அக்கணமே வண்டியை நிறுத்திச் சக்கர நட்டுகளைப் பார்க்க வேண்டும். அண்மையில் சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியில் இது விசேஷமாக நேர்வது. நட்டைச் சுற்றித் துருப்பொடி கோடாக வழிந்திருத்தல் தளர்ச்சிக்கு ஓர் அடையாளம்.

புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் ஒருமுறை 'டங்' என்று அடிப்பது, புரொப்பெல்லர் ஷாப்ட்டின் இணைப்பிலுள்ள 'கிராஸ்' தேய்ந்ததால் இருக்கலாம். அது கிரீஸ் வற்றியிருந்தால் குருவி கத்துவதுபோல் கீச்சிடும்; வேகம் கூடக் கூடக் கத்தலும் விரையும். வில் பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டு தளர்ந்தாலும் இதே அடியோசை எழும். அச்சு இடம் நகர்வதற்கும் அது காரணமாகும். பள்ளமேடுகளில் மட்டும் எழும் கிறீச்சொலி பெரும்பாலும் வில் பட்டை, ஷேக்கிள், புஷ் இவற்றைப் பற்றியது. பட்டை ஒன்று முறிந்திருந்தால் வண்டி அப்பக்கம் சாய்ந்து நிற்கும். பின் கதவின் கொக்கியும் தளர்ந்த சங்கிலியும் ஜாக்கியும் எழுப்பும் ஓசைக்காகப் பட்டறைக்குப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. ஆகையால் முதலில் வண்டியைக் காலிசெய்து அவற்றைக் கட்டிவைப்பது நலம்.

பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு உராயும் ஓசை கேட்டால், லைனிங் தேய்ந்து ரிவெட்டு டிரம்மைத் தொடுகிறது என்று கொள்ளலாம். அத்துடன் அடுத்த பாரத்தை இறக்கத் துணிதல் கூடாது. ஓடையைக் கடந்தபின் சற்று நேரம் எழும் கீச்சொலி ஈரத்தினால் ஆயதாயின் சில தடவை மெதுவாகப் பிரேக் பிடித்தவுடன் மறையும்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் கைப்பிரேக் பின்சக்கரங்களில் அன்றி, புரொப்பெல்லர் ஷாப்ட்டில் பிடிக்கும்படி அமைந்துள்ளது. பின்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கியவுடன், டிபரென்ஷியல் அச்சக்கரத்தைத் தாராளமாகச் சுழலவிடுகின்றது. தரையிலுள்ள மறுசக்கரத்தைத் தடுப்பது எதுவும் இல்லை. கியரில் போட்டு நிறுத்திய வண்டிக்கும் இதே கதி. சரிவில் இவ்வாறு ஜாக்கி வைத்தால் வண்டி உருண்டு கீழிருப்பவரை நசுக்கிவிடும். ஆதலால் சமதரையிலேயே தூக்க வேண்டும். தரையிலுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் புகலாகாது. பின்னர் சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஆட்டியும், கையால் சுழற்றியும் பேரிங்கைப் பரீட்சிக்கலாம்.

கிரவுன் கூட்டின் எண்ணெய் நிரப்பும் துளையைத் திறந்து பார்த்தல் எல்லோராலும் இயலும். சமதரையில் நின்ற வண்டியில் எண்ணெய் துளையின் மட்டத்தளவு இருக்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. இரும்புத் துகள் மினுங்கினால் உள்ளே ஏதோ அரைபடுகின்றது. வண்டியின் கைப்புத்தகத்தில் சொல்லிய வகை எண்ணெயை அன்றி வேறு விடுவது பற்களுக்குக் கேடு.

கிராம அதிகாரிகளும் இதனைக் கவனித்தல் வேண்டும். சரக்கு வண்டியில் மூட்டைகளின்மேல் வேலையாட்களைக் கூட்டமாக ஏற்றுவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டவிதிகளுக்கு மாறானது. பின்பாகத்தில் ஓசையுள்ள வண்டியில் அவ்வாறு செல்வோர் இருப்பது, கழலக்கூடிய அந்தச் சக்கரத்தின் மேலேயே.

பட்டறைக்கு வண்டியை அனுப்பும்போது, "பின்னால் சப்தம்" என்று மட்டும் சொல்லியனுப்புவதால் பயனில்லை. சமவெளியில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக்குக்கு, இறக்கத்தில் மட்டும் எழும் ஓசை கேளாது. வண்டி நன்றாயிருக்கிறதென்று திருப்பிவிடுவார். ஏற்றமா இறக்கமா, எந்தக் கியர், எவ்வளவு மூட்டை, எந்தப் பக்க வளைவு, மிதியை விட்டபோது மாறிற்றா, எத்தனை நாளாகக் கேட்கிறது என்பவற்றை ஒரு தாளில் குறித்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். இயன்றால் மெக்கானிக்கையே ஏற்றிக்கொண்டு கும்பக்கரைக்கு மேல் சிறிது தூரம் ஏறி, அதே கியரில் இறங்கிக் காட்டுதல் நலம்.